நம்ம மலை வெடிக்குமா? – தீப்பாறைகள் பற்றி ஒரு பாடம்



"டீவியில எரிமலை காட்டுனாங்க. நம்ம மலையும் ஒருநாள் அப்பிடி வெடிக்குமா சேர்?" மாலை வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்விதான். பதில் சொல்லுமுன், கல் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம்.

பூமிக்கு அடியில் சில இடங்களில் பாறை உருகிக் குழம்பாகிறது. அதன் சூடு ஏறத்தாழ 700 முதல் 1,200 பாகை செல்சியஸ். அந்தக் குழம்பு ஆறி இறுகினால் கிடைப்பதே தீப்பாறை. இதை வகைப்படுத்த இரண்டு கேள்விகள் போதும்.

1. எங்கே ஆறியது?

கற்கண்டு மெல்ல மெல்ல விளைவதால் பெரிய மணியாக இருக்கும். சீனிப்பாகை முறுகக் காய்ச்சித் தட்டில் ஊற்றினால் சட்டென்று ஆறி, மணியே இல்லாமல் கண்ணாடி மாதிரி இறுகிப்போகும். கல்லும் அப்படித்தான்.

பூமியின் ஆழத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக ஆறிய பாறையில் மணிகள் கண்ணுக்கே தெரியும். கிரனைட் இந்த வகை. எரிமலை வழியாக வெளியே வந்து விரைவில் ஆறினால் மணிகள் மிகச் சிறியவை. பசால்ட் இந்த வகை. இந்தியாவின் எல்லோராக் குகைக் கோயில்கள் பசால்ட் பாறையில் குடையப்பட்டவை. குதிகால் தேய்க்கும் நுரைக்கல், நுரைத்தபடியே இறுகிய எரிமலைக் குழம்பு.

2. எதனால் ஆனது?

கிரனைட்டில் சிலிக்கா சுமார் 70 சதவீதம். அதனால் வெளிர் நிறம். பசால்ட்டில் சுமார் 50 சதவீதம்தான். இரும்பும் மக்னீசியமும் கூடுதலாக இருப்பதால் கறுப்பு நிறம், பாரமும் அதிகம்.

பரீட்சைக்கு மனதில் வைக்க:

வெளிர் நிறம்: ஆழத்தில் கிரனைட், வெளியே ரயோலைட்.
நடுத்தர நிறம்: ஆழத்தில் டயோரைட், வெளியே அண்டசைட்.
கரு நிறம்: ஆழத்தில் கப்ரோ, வெளியே பசால்ட்.

நம்ம மலை எந்த வகை?

இலங்கையில் எரிமலை கிடையாது. மலையகத்துப் பாறைகள் பெரும்பாலும் உருமாறிய பாறைகள். பழைய தீப்பாறைகளும் அடையற் பாறைகளும் பூமிக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த உருவத்துக்கு வந்தன. ரோட்டோரம் வெட்டிய பாறையைப் பாருங்கள். வெள்ளையும் கறுப்பும் வரிவரியாக ஓடினால் அது உருமாறிய பாறை. கிரனைட்டில் வரி இராது, புள்ளி புள்ளியாக இருக்கும். புத்தளம் பக்கம் தோணிகலையில் அத்தகைய கிரனைட் உண்டு.

ஆகவே நம்ம மலை வெடிக்காது. ஆனால் சரியும்! கிரனைட்டிலும் நம்ம பாறையிலும் பெல்ட்ஸ்பார் என்ற கனிமம் இருக்கிறது. மழைத் தண்ணீர் ஊறி ஊறி, அது காலப்போக்கில் களிமண்ணாகிவிடும். இறுகிய பாறைக்கு மேலே இந்த மண் தடிப்பாகக் கிடக்கிறது. அடைமழையில் தண்ணீர் குடித்துப் பாரமாகி வழுக்குகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடியது இப்படிப்பட்ட மண்தான்.

அதனால் மழைக் காலத்தில் கவனியுங்கள். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயும் மரம், புதிதாகக் கிளம்பும் ஊற்று, பீலியில் திடீரென்று கலங்கி வரும் தண்ணீர், அல்லது நின்றுபோன தண்ணீர்: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் "விடிஞ்சு பாப்போம்" என்று இருக்க வேண்டாம். பிள்ளைகளையும் வயதானவர்களையும் முதலில் கூட்டிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். கான்களை மண் அடையாமல் வைத்திருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. அதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.