லாரி நிற்கையில் எழும் ‘டக்’ ஒலி

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் மட்டுமே இருப்பதாக நாம் எண்ணுகிறோம். சாலையிலும் உண்டு என்பதை எனக்கு ஒரு தண்ணீர் லாரி கற்பித்தது.

என் தந்தை ஆழ்வார்பேட்டை அடுக்குமாடி வீடுகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுபவர். நடைக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு நாள், “டி.டி.கே. ரோடு சிக்னல்ல நிறுத்தறப்போ பின்னால யாரோ சுத்தியால தட்டற மாதிரி இருக்குடா” என்றார். பட்டறையில், பின் அச்சைப் பிரித்துக் கிரவுனைப் பார்க்க மூன்று நாள் ஆகும் என்றனர். மூன்று நாள் நடை போனால் என் தேர்வுக் கட்டணமும் போகும். ஆகவே ஞாயிறன்று இருவரும் ஒலியின் பிறப்பிடத்தைத் தேடினோம்.

முதல் ஐயம் தண்ணீர். பாதி நிறைந்த தொட்டியில், வண்டி நின்றதும் நீர் முன்னே பாய்ந்து மோதும். ஆனால் காலித் தொட்டியிலும் ஒலி எழுந்தது. அடுத்த ஐயம் எஞ்சின். நியூட்ரலில் மெல்ல நிறுத்தினோம். அப்போதும் ஒலி எழுந்தது. பின்னர் எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அடியில் நுழைந்தோம். பட்டைகளின் யு போல்ட்டுகள் இறுக்கமாக இருந்தன. புரொப்பல்லர் ஷாப்டைக் கையால் அசைத்தோம், கிராஸ்களில் ஆட்டமில்லை. இந்த கிராஸ் இணைப்புக்கு ‘ஹூக் இணைப்பு’ என்றும் பெயர். சுருள்வில் விதியில் நாம் படிக்கும் அதே ராபர்ட் ஹூக்!

எஞ்சியது, ஷாப்ட் நீண்டு சுருங்க இடந்தரும் வரிப்பல் இணைப்பு. அது வறண்டிருந்தது. நிப்பிளைச் சேறு அடைத்திருந்ததால் கிரீஸ் உள்ளே போகவே இல்லை.

பிரேக் பிடிக்கையில் பின் அச்சு சற்று முறுக்கிக்கொள்கிறது. வண்டி நின்றதும் பட்டைகள் அதைப் பழைய நிலைக்குத் திருப்புகின்றன. அப்போது ஷாப்டின் நீளம் சிறிது மாற வேண்டும். வறண்ட பற்களை நிலை உராய்வு பிடித்து நிறுத்துகிறது. விசை மிகுந்ததும் பிடி விடுகிறது. இயக்க உராய்வு அதைவிடக் குறைவாதலால் பற்கள் ஒரே தாவாகத் தாவுகின்றன. அதுவே ‘டக்’.

நிப்பிளை மாற்றி, பழைய கிரீஸ் வெளிவரும்வரை புதியதை ஏற்றினோம். மறுநாள் ஒலி இல்லை. ஒன்று நினைவிருக்கட்டும்: சில நாளில் ஒலி திரும்பினால் பற்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். கிரீஸ் அதை மறைக்குமே தவிரத் தீர்க்காது. இணைப்பையே மாற்ற வேண்டும்.

உராய்வுகளின் பெயர்களைச் சொன்னேன். அப்பா சிரித்தார்: “பேரு தெரியாமலே இருபது வருஷமா கிரீஸ் அடிச்சிருக்கேன்.” எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வந்தவன் நான். ஆனால் முதல் இயற்பியலாளர் அவரே.