விசைமாற்றியும் செய்திப் போக்குவரத்தும்

பெங்களூரில் 1948-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையில் ஸ்ட்ரோஜர் முறைத் தொலைபேசி நிலையச் சாதனங்கள் பல ஆண்டுகள் உற்பத்தி செய்யப்பட்டன. அம்முறையில் ஒருவர் எண்ணைச் சுழற்றியதும் இருவருக்குமிடையே ஒரு தனி மின்சுற்று அமையும். இருவரும் வாய் திறவாதிருப்பினும், தொடர்பு துண்டிக்கப்படும் வரை அச்சுற்று அவர்களுக்கே உரியது. கணிப்பொறி வலையமைப்பின் முறை இதனின் வேறானது. 1986-ல் மத்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் எர்நெட் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியது. அதில் முதலிற் பங்குகொண்ட எட்டு நிறுவனங்களுள் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் ஒன்று. இத்தகைய வலையமைப்பில் செய்திகள் சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படும்; பலருடைய பொட்டலங்கள் ஒரே கம்பியில் மாறி மாறிச் செல்லும்.

ஒரு கட்டடத்தின் கணிப்பொறிகளை ஒன்றிணைக்கும் கருவி விசைமாற்றி. இதனை 'ஸ்விட்ச்' என்றே வழங்குவர். இதில் 8, 24 அல்லது 48 இணைப்பு வாயில்கள் இருக்கக் காணலாம். ஈதர்நெட் முறையில் செல்லும் பொட்டலத்திற்குச் 'சட்டகம்' என்று பெயர். அனுப்புவோர், பெறுவோர் ஆகிய இரு கருவிகளின் 48 பிட் முகவரிகள் ஒவ்வொரு சட்டகத்திலும் உள்ளன. எம்முகவரியிலிருந்து எவ்வாயில் வழியே சட்டகம் வந்தது என்பதை விசைமாற்றி தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பின்னர் அம்முகவரிக்கு வருவதை அவ்வாயிலுக்கு மட்டுமே அனுப்பும். முகவரி அட்டவணையில் இல்லையெனில், வந்த வாயில் நீங்கலாக மற்றெல்லா வாயில்களுக்கும் அனுப்பும். அனைவருக்கும் உரிய 'பொது அறிவிப்பு'ச் சட்டகமும் இவ்வாறே பரவும்.

இனி, போக்குவரத்தின் அளவைக் காண்போம். ஒரு நொடியில் ஓர் இணைப்பு கடத்தவல்ல பிட்டுகளின் எண்ணிக்கையே அதன் 'அலைவரிசைத் திறன்' எனப்படும். 1,500 பைட் என்பது 12,000 பிட். நொடிக்கு 1 கோடி பிட் செல்லும் கம்பியில் இதனை ஏற்ற 1.2 மில்லி நொடி ஆகும். 100 கோடி பிட் செல்லும் கம்பியில் 12 மைக்ரோ நொடியே போதும். இரு வாயில்களில் முழு வேகத்துடன் வரும் சட்டகங்கள் அதே வேகமுடைய ஒரே வாயில் வழியே வெளியேற வேண்டுமாயின், பாதியளவு வரிசையில் நிற்க நேரும். இது 'நெரிசல்'. வரிசைக்குரிய நினைவகம் நிறைந்ததும் எஞ்சியவை கைவிடப்படும். ஆதலால், தாமதம் பொறாத பேச்சுக்கு முன்னுரிமை அளித்து, கோப்புகளைக் காத்திருக்கச் செய்வர்.

நெரிசலினும் கொடியது 'கண்ணி'. இரு விசைமாற்றிகளுக்கிடையே இரண்டு கம்பிகளைப் பூட்டினால் ஒரு வட்டப் பாதை உண்டாகிறது. ஈதர்நெட் சட்டகத்திற்கு ஆயுள் வரம்பு இல்லை. எனவே ஒரே ஒரு பொது அறிவிப்பு அவ்வட்டத்தில் ஓயாது சுழன்று, ஒவ்வொரு சுற்றிலும் பிற வாயில்களுக்கெல்லாம் படிகளை அனுப்பிக்கொண்டேயிருக்கும். சில நொடிகளில் கம்பிகள் நிரம்பி, வலையமைப்பே செயலற்றுப் போகும். மருத்துவமனையாயின் நோயாளியின் சோதனை முடிவு மருத்துவரைச் சென்றடையாது. ஒரு கம்பி தவறாகப் பூட்டப்பட்டதே இத்தனைக்கும் காரணம்.

எனினும், ஒரு கம்பி அறுந்தால் உதவுவதற்கு மாற்றுப் பாதையும் வேண்டுமன்றோ? இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவு செய்யும் 'பரவு மர' முறையை அமெரிக்கப் பெண் விஞ்ஞானி ரேடியா பெர்ல்மன் 1985-ல் வகுத்தார். விசைமாற்றிகள் தம்முள் ஒன்றை வேராகத் தேர்ந்து, அதனை அடையும் சிறந்த பாதைகளை மட்டும் திறந்து, மிகையானவற்றை அடைத்து வைக்கும். திறந்த பாதை கெட்டால் அடைத்த பாதை திறக்கும். முந்தைய முறையில் இதற்கு ஏறத்தாழ 30 முதல் 50 நொடி ஆயிற்று; பின்வந்த விரைவு முறையில் அக்காலம் பெரிதும் குறைந்தது.

தீங்கு பரவாமல் தடுக்க இன்னொரு வழி, ஒரே விசைமாற்றியைப் பல 'மெய்நிகர் வலை'களாகப் பகுத்தல். ஒவ்வொரு சட்டகத்திலும் 12 பிட் கொண்ட ஓர் அடையாள எண் சேர்க்கப்படுவதால் 4,094 பகுதிகள் வரை அமைக்கலாம். ஒரு பகுதியின் பொது அறிவிப்பு அடுத்த பகுதிக்குள் நுழையாது. பகுதிகளுக்கிடையே செய்தி செல்ல 'வழிச்செலுத்தி' தேவை.

ஆதலின் வலையமைப்பைக் காக்கும் பொறுப்புடையோர், எக்கம்பி எவ்வாயிலில் முடிகிறது என்பதை வரைபடமாக எழுதி வைத்தல் வேண்டும். பரவு மர முறை இயங்குகிறதா எனச் சோதித்தல் வேண்டும். பயன்படாத வாயில்களை மூடிவிடுதல் வேண்டும். விலையுயர்ந்த கருவியினும் இம்மூன்று பழக்கங்களே பெருங்காவலாகும்.