டெராஹெர்ட்ஸ் கதிரும் எலெக்ட்ரன் லேஸரும்

காஞ்சிமாநகர்த் தறிகளில் ஊடையிழை பாவிழைகளின் மேலும் கீழுமாக மாறிமாறிச் செல்லுதலை நம்மிற் பலர் நாடோறும் காண்கின்றோம். எலெக்ட்ரன்களையும் அங்ஙனம் வளைந்து வளைந்து ஓடச்செய்து, பெறுதற்கரிய கதிரொன்றை விளைவிக்கும் முறையினை ஈண்டு ஆராய்வாம்.

வினாடிக்கு லட்சங்கோடி முறை அதிர்தல் 1 டெராஹெர்ட்ஸ் எனப்படும். இக்கதிர் ரேடியோ அலைக்கும் அகச்சிவப்பு ஒளிக்கும் இடைப்பட்டது. உலர்ந்த பட்டையும் காகிதத்தையும் ஊடுருவும், நீராற் கவரப்படும், உலோகத்தில் பட்டுத் திரும்பும். ஆயின் இதனை வலிமையுடன் ஆக்குதல் அரிது. ரேடியோக் கருவிகள் அத்துணை விரைவில் அதிருந்தோறும் வலியிழக்கின்றன. சாதாரண லேஸரிலோ, 1 டெராஹெர்ட்ஸ் ஒளித்துகளின் ஆற்றல் அறைவெப்பத்தின் ஆற்றலில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கே. ஆதலின் வெப்பமே அதன் ஒழுங்கைக் குலைத்துவிடும்.

அணுவிற் கட்டுண்ட எலெக்ட்ரனை விடுத்துக் கட்டற்ற எலெக்ட்ரனைக் கொள்ளலாமென 1971ஆம் ஆண்டில் ஜான் மேடி என்பார் எடுத்துரைத்தார். 1977இல் ஸ்டான்ஃபோர்டில் அவர் குழுவினர் அத்தகைய லேஸரை இயக்கிக் காட்டினர். வட துருவமும் தென் துருவமும் மாறிமாறி அமைந்த காந்த வரிசையினூடே, ஒளியின் வேகத்தை அணுகிய எலெக்ட்ரன்கள் நெளிந்து செல்லுங்கால் கதிர் வீசும். காந்த அடுக்கின் ஒரு சுற்று 50 மில்லிமீட்டர் எனவும், எலெக்ட்ரனின் ஆற்றல் அதன் ஓய்வு நிலை ஆற்றலைப்போல் 16 மடங்கு எனவும் கொள்வோம். 16ஐ 16ஆற் பெருக்கி இரட்டிக்க 512 ஆகும். காந்தம் மெலிதாயின், 50ஐ 512ஆல் வகுக்க வரும் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டரே கதிரின் அலைநீளம். அஃதாவது 3 டெராஹெர்ட்ஸ். காந்தத்தின் வலிமையைக் கூட்டின் அலைநீளம் மிகும். ஆகவே வேண்டிய அலையை வேண்டியவாறு பெறலாம்.

வலிமை எங்ஙனம் வரும்? தேர்வடம் பிடிப்போர் ஆயிரவரும் வெவ்வேறு கணத்தில் இழுப்பின் தேர் அசையாது. ஒரே குரலுக்கு இழுப்பின் நகரும். ஆயிரம் எலெக்ட்ரன்கள் சிதறி வீசுங் கதிர் ஒன்று வீசுவதைப்போல் ஆயிரமடங்கே; அலைநீளத்தினுங் குறுகிய திரளாய்ச் சேர்ந்து வீசின் பத்துலட்சம் மடங்காகும்.

2003ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய ருஷியநாட்டு நொவோசிபிர்ஸ்க் லேஸர் இவ்வகையில் சராசரி 500 வாட்டளவும் எட்டியது. நம் நாட்டில் இந்தூர் ராஜா ராமண்ணா நிலையத்தார் 12.5 முதல் 50 மைக்ரான் வரையுள்ள அலைகளுக்கென ஒரு லேஸரை அமைத்தனர். 0.18 முதல் 3 டெராஹெர்ட்ஸ் வரை தரவல்ல கருவியொன்றைப் புதுதில்லிப் பல்கலைக்கழக இடைநிலை முடுக்கி மையத்தார் வகுத்தனர். எலெக்ட்ரன்களை முன்னரே குறுந்திரள்களாக்கி விடுத்தலே அதன் உபாயம்.

1895ஆம் ஆண்டளவில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் 5 மில்லிமீட்டர் அலைகளை எழுப்பினார், அஃது 0.06 டெராஹெர்ட்ஸ். அவர் நின்ற வாயிலுக்கு அப்பாலுள்ள அறையே இது. இதனுட் புக ஒருவர் புலமை போதாது. காந்தம், வெற்றிடம், நுண்ணலை, கணிதம் எனப் பல கைகள் ஒருங்கே வேண்டும். கோர்வைச் சேலையை இருவர் கூடி நெய்தலறிந்த இவ்வூர் மாணவர்க்கு இவ்வுண்மை புதிதன்று.