தீவுக்குச் செல்ல ஏற்ற மாதம் எது?

பால்மரம் வெட்டும் தொழிலாளிக்கு வானத்தைப் பார்க்க எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து வாசலில் நின்று, காற்று எத்திசையிலிருந்து வருகிறது, மேகம் எவ்வாறு திரண்டிருக்கிறது என்று நோக்கி, இன்று மரம் காய்ந்திருக்குமா, வெட்ட இயலுமா என்பதை அவர் நொடியில் கணித்துவிடுவார். பட்டை ஈரமாயிருந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்தோடிவிடும் என்பதும், கோப்பையில் மழைநீர் கலந்தால் அன்றைய உழைப்பு வீணாகும் என்பதும் அவர் அனுபவத்தில் கண்டவை. ஆயினும் அதே தொழிலாளி, தம் குடும்பத்தோடு கடல் நடுவே உள்ள ஒரு தீவுக்கு உல்லாசப் பயணம் செல்ல எண்ணும்போது வானத்தை மறந்துவிடுகிறார். நாள்காட்டியில் சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருக்கும் விடுமுறை நாளை மட்டுமே பார்க்கிறார்.

இத்தவறுக்குக் கொடுக்கும் விலை சிறிதன்று. ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கணவனும் மனைவியும் மாதந்தோறும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். பிள்ளைகள் ஆண்டு முழுவதும் கேட்டு வந்த கடற்பயணம். டிசம்பர் மாதத்தில் கிடைத்த நான்கு நாள் விடுப்பு. பேராக்கிலிருந்து இரவில் புறப்பட்டு, மலைத்தொடரைக் கடந்து, காலையில் திரங்கானு மாநிலத்தின் கோல பெசுட் படகுத்துறையை அடைகிறார்கள். மழை சாய்ந்து பெய்கிறது. படகுகள் கட்டிய இடத்தில் ஆடிக்கொண்டிருக்கின்றன. தீவிலுள்ள தங்கும் விடுதிகளில் பெரும்பாலானவை நவம்பரிலேயே மூடிவிட்டன. பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோதான் மீண்டும் திறக்கும். இதனினும் கொடிய நிலை ஒன்று உண்டு. பருவத்தின் தொடக்கத்தில், கடல் சற்றே அடங்கியிருந்த ஒரு நாளில் தீவை அடைந்துவிட்டு, மறுநாள் கடல் பொங்கித் திரும்ப வழியின்றி நிற்பதே அது. அங்கே தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் விடுதிக் கட்டணம். இங்கே வேலைக்கு வராத ஒவ்வொரு நாளுக்கும் கூலி இழப்பு.

இதன் காரணத்தை அறிந்துகொண்டால் எந்தத் தீவுக்கு எப்போது செல்லலாம் என்பதை நாமே முடிவு செய்யலாம்.

நவம்பர் முதல் மார்ச் வரை நம் நாட்டில் வீசுவது வடகிழக்குப் பருவக்காற்று. பழந்தமிழர் வடக்கிலிருந்து வரும் காற்றை வாடை என்றும், கிழக்கிலிருந்து வரும் காற்றைக் கொண்டல் என்றும் அழைத்தனர். இஃது இரண்டுக்கும் இடைப்பட்டது. அக்காலத்தில் ஆசியக் கண்டத்தின் வடபகுதி கடுங்குளிரில் உறைந்து கிடக்கும். குளிர்ந்த காற்று கனமானது. அது அழுத்தம் மிகுந்து தெற்கு நோக்கிப் பாய்கிறது. பரந்த தென்சீனக் கடலைக் கடக்கும்போது நீராவியை வாரிக்கொண்டு வந்து, எதிர்ப்படும் முதற்கரையில் கொட்டுகிறது. அக்கரைதான் கிளந்தான், திரங்கானு, பகாங், ஜொகூரின் கிழக்குப் பகுதி ஆகியவை. கோலத் திரங்கானுவில் நவம்பர், டிசம்பர் என்னும் இரு மாதங்களில் மட்டும் சராசரியாக 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. 2014ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த பெருவெள்ளத்தில் நாட்டில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

பயணிக்கு மழை மட்டும் இடையூறு அன்று; மழையில் நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம். அலையே பகை. காற்று தடையின்றி நெடுந்தொலைவு கடல்மீது வீசினால் அலை உயர்ந்துகொண்டே போகும். தென்சீனக் கடலில் அத்தகைய நெடும்பரப்பு உண்டு. அதன் முடிவில்தான் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் ஆகிய தீவுகள் இருக்கின்றன. காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால் அலை 3.5 மீட்டர் வரை எழக்கூடும். தோட்டத்து வீட்டுக் கூரையின் தாழ்வாரத்தைவிட உயரமான நீர்ச்சுவர் ஒன்றன்பின் ஒன்றாக வருவதை எண்ணிப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு பேர் அமரும் விசைப்படகு அதற்கு ஈடுகொடுக்க முடியாது. கிழக்குக்கரை மலாய் மீனவர்கள் இப்பருவத்தை 'தெங்குஜூ' என்பர். கடலிலேயே பிறந்து வளர்ந்த அவர்களே இம்மாதங்களில் படகைக் கரையேற்றிவிட்டு வலை பின்னுகிறார்கள் என்றால், நாம் ஏன் துணிய வேண்டும்?

ஆதலால் கிழக்குக்கரைத் தீவுகளுக்கு உரிய காலம் மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் வரையிலானது. மே மாத இறுதியில் காற்று திசைமாறி, தென்மேற்கிலிருந்து வீசத் தொடங்கும். அக்காற்று நம்மை அடையுமுன் சுமத்ரா தீவின் உயர்ந்த மலைகளைக் கடக்க வேண்டும். தன் மழையில் பெரும்பகுதியை அங்கேயே இழந்துவிடுகிறது. பின்னர் நம் நாட்டின் நடுவே உள்ள தித்திவாங்சா மலைத்தொடரும் கிழக்குக்கரைக்கு அரணாக நிற்கிறது. ஆகவே அங்கே ஜூன், ஜூலை மாதங்களே மழை மிகக் குறைந்தவை. கடல் தெளிந்து, நீருக்கடியில் பவளப்பாறையும் வண்ண மீன்களும் கண்ணாடிக்குள் இருப்பவைபோல் தெரியும். பச்சை ஆமைகள் கரையேறி முட்டையிடுவதும் ஆண்டின் இந்த நடுப்பகுதியில்தான். முன்பு திரங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரைக்கு வந்துகொண்டிருந்த பெரிய தோல்முதுகு ஆமைகளை இன்று காண்பதற்கில்லை. 1950களில் ஆண்டுக்குப் பல்லாயிரம் கூடுகள் இருந்த இடம் அது. முட்டைகளைத் தோண்டி விற்றதும் அவை அருகியதற்கு ஒரு காரணம். எனவே சந்தையில் யாரேனும் ஆமை முட்டை நீட்டினால் வாங்காதீர்கள். திரங்கானுவில் அவ்விற்பனை சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது.

ஆனால் ஜூன், ஜூலைக்கும் ஒரு குறை உண்டு. எல்லாருக்கும் அவையே ஏற்ற மாதங்கள் என்பதால் கூட்டம் மிகும். அறை வாடகையும் ஏறும். கிளந்தானிலும் திரங்கானுவிலும் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதை நினைவிற்கொண்டு, ஞாயிறு அன்று புறப்பட்டு வாரத்தின் நடுநாட்களில் தங்கினால் செலவு குறையும். ஏப்ரல் மாதமும் நல்லதே. கடல் அமைதி, கூட்டம் குறைவு, மாலையில் மட்டும் இடிமழைக்கு இடமுண்டு. சில ஆண்டுகளில் கடல்நீர் அளவுமீறிச் சூடேறிப் பவளங்கள் வெளுத்துவிடுவதும் நடுப்பகுதி மாதங்களில்தான். 2010இல் அவ்வாறு நேர்ந்தபோது ரெடாங், தியோமான் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்கள் தற்காலிகமாக மூடப்பட்டன. பவளத்தைப் பார்ப்பதற்கென்றே செல்பவர் முன்கூட்டி விசாரித்துக்கொள்ளட்டும்.

இனி மேற்குக்கரைக்கு வருவோம். இங்கே கணக்கு வேறு.

வடகிழக்குக் காற்று கிழக்குக்கரையை அடித்து நொறுக்கும் அதே சனவரி, பிப்ரவரி மாதங்களில், பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய வடமேற்கு மாநிலங்களில் ஆண்டிலேயே மிகக் குறைந்த மழை பெய்கிறது. மலைத்தொடர் இப்போது இந்தப் பக்கத்துக்கு அரணாகிவிடுகிறது. கிழக்கில் வெள்ளம், மேற்கில் வறட்சி. ஒரே நாட்டில், ஒரே வாரத்தில்! லங்காவித் தீவில் இந்நாட்களில் வானம் நீலமாகவும் கடல் தட்டையாகவும் இருக்கும். அதே லங்காவியில் செப்டம்பரிலும் அக்டோபரிலும் மழை விடாது பெய்யக்கூடும். கோல கெடாவிலிருந்தும் கோல பெர்லிசிலிருந்தும் கப்பல் செல்கிறது என்பதற்காக எந்த மாதமும் ஒன்றே என்று எண்ணலாகாது.

நம்மவர் இவ்வுண்மையை அறியாமலே கடைப்பிடித்து வந்திருக்கிறார்கள் என்பது எனக்கு வியப்பளிக்கும் செய்தி. தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக்குச் செல்லாத தோட்டக் குடும்பம் வடக்கே அரிது. பினாங்கும் ஒரு தீவுதானே! தைப்பூசம் வரும் சனவரி, பிப்ரவரி மாதங்கள்தாம் அத்தீவின் வறண்ட நாட்கள். அடுத்து வருவது மாசி மகம்; பங்கோர்த் தீவில் கடலை நோக்கி அமைந்த காளியம்மன் கோயிலில் அவ்விழா நடைபெறுகிறது. லூமுட் துறையிலிருந்து பங்கோருக்குப் படகில் செல்ல அதிக நேரம் ஆகாது. மலாக்கா நீரிணையில், கரையை ஒட்டி, சுமத்ராவின் மறைவில் இருப்பதால் பங்கோரைச் சுற்றியுள்ள கடல் ஆண்டின் எப்பருவத்திலும் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். சிறுகுழந்தைகளும் முதியோரும் உள்ள குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது இத்தீவையே. ரெடாங்கின் தெளிந்த நீர் இங்கு இல்லைதான். ஆனால் 'படகு உண்டா, இல்லையா' என்ற கவலையும் இல்லை.

மாசி மாதத்தைப் பற்றிச் சொல்ல மற்றொரு காரணமும் உண்டு. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை பால்மரங்கள் இலையுதிர்க்கும் காலம். கெடா, பெர்லிஸ் பகுதிகளில் வறட்சி கடுமையாதலால் மரங்கள் ஒரேயடியாக மொட்டையாகி நிற்கும். தெற்கே சிறிது சிறிதாக உதிரும். பழைய இலை விழுந்து புதுத்தளிர் முற்றும் வரை பால் குறைந்துவிடும். எடைக்கேற்பக் கூலி பெறும் தொழிலாளி இக்காலத்தில் நான்கு நாள் விடுப்பெடுத்தால் இழப்பது, பால் நன்கு சுரக்கும் மாதத்தில் இழப்பதைவிடக் குறைவு. மேற்குக்கரைத் தீவுகளின் நல்ல காலமும், தோட்டத்தின் மந்த காலமும் இவ்வாறு ஒன்றாக அமைந்திருக்கின்றன. மந்த காலத்தில் கையில் பணம் இராதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பயணச் செலவை, பால் மிகுந்த மாதங்களிலேயே தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். மார்ச் மாதச் சம்பளத்தை நம்பிப் புறப்படக் கூடாது.

விடுப்பைப் பொறுத்தவரை, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுக்குக் குறைவாக ஒரே முதலாளியிடம் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 12 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 16 நாள் சம்பளத்துடன் கூடிய வருடாந்தர விடுப்பு உண்டு. இது மிகக் குறைந்த அளவு. இந்நாட்களைத் தீபாவளியோடு சேர்த்துச் செலவிடுவதே பலரின் வழக்கம். விழாவை வீட்டில் கொண்டாடுவதற்கு அது சரி. தீவுப் பயணத்துக்கு அந்த வாரம் எக்கரையிலும் உகந்ததன்று. தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர் மாதங்களே மேற்குக்கரையிலும் பெரும்பாலான இடங்களில் மழை மிகுந்தவை. கிழக்கிலோ பருவம் தொடங்கும் நேரம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையையும் அவ்வாண்டு நாள்காட்டியைப் பார்த்தே அறிய வேண்டும். பெருந்தொற்றுக்குப் பின் பள்ளித் தவணைகள் பலமுறை மாற்றப்பட்டதால் பழைய நினைவை வைத்துக் கணக்கிட்டால் பிழையாகும்.

நல்ல மாதத்திலும் நல்ல வேளை என்பது ஒன்று உண்டு. இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வருவது; ஆகவே காலைப் படகே சிறந்தது. ஆனால் மே முதல் ஆகஸ்டு வரை சிலாங்கூர் தொடங்கி ஜொகூர் வரையிலான மேற்குக் கடலோரத்தில் விடியற்காலையில் சுமத்ராக் காற்று திடீரெனப் பாய்ந்து வரும். அப்பகுதித் தோட்டங்களில் பால் வெட்டுவோருக்கு அதனை விளக்க வேண்டியதில்லை. எத்தனை காலைகளை அது கெடுத்திருக்கிறது! அந்நேரத்தில் நீரிணையில் சிறு படகில் மீன்பிடிக்கப் புறப்படுவது அறிவுடைமையன்று. தியோமானுக்கு மெர்சிங் துறையிலிருந்து செல்வோர் மற்றொன்றையும் அறிய வேண்டும். அங்குள்ள ஆற்றுமுகம் ஆழம் குறைந்தது. கடல் ஏறும் வேளையைப் பொறுத்தே படகு புறப்படும் நேரம் நாளுக்கு நாள் மாறுகிறது. நேற்றுச் சென்றவர் சொன்ன நேரம் இன்று பொருந்தாது. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை சில ஆண்டுகளில் புகைமூட்டமும் வந்து மறைக்கும். 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் மேற்குக்கரை எங்கும் அதன் தொல்லை இருந்தது.

நீச்சல் பழகாதோர் நம்மில் மிகுதி. படகில் ஏறியவுடன் மிதவைச் சட்டையை அணிந்து வாரை இறுக்கிக்கொள்ள வேண்டும்; மடியில் வைத்துக்கொண்டால் பயனில்லை. பிள்ளைக்கு அளவான சட்டை இல்லையெனில் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள்.

புறப்படுவதற்கு முந்திய மாலை செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு. வானிலை ஆய்வுத் துறையின் கடல் எச்சரிக்கையை வானொலியிலோ கைப்பேசியிலோ பார்ப்பது ஒன்று. நாளை படகு ஓடுகிறதா, திரும்பும் நாளில் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று தங்கும் விடுதிக்குத் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்வது மற்றொன்று. முன்பணம் கட்டுமுன்னரே, கடல் கொந்தளித்துப் படகு நின்றால் அப்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் கேட்டு, விடையை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.