இரவல் கிற்றாரும் சின்ன அம்ப்பும்

வெள்ளவத்தை

அன்புள்ள மருமகனுக்கு,

லெஸ் போல் கிற்றார் வாங்குவதற்காக அம்மாவின் காப்பை அடைவு வைக்கப் போகிறாயாம். லெட் செப்பலினின் முதல் இசைத்தட்டில் வரும் அந்தச் சத்தம் உனக்கு வேண்டும். உன் வயதில் எனக்கும் அதே ஏக்கம்தான். ஆனால் அந்தத் தட்டில் நீ கேட்பது லெஸ் போல் அல்ல, தம்பி.

1968இல் லண்டன் ஒலிம்பிக் ஸ்ரூடியோவில் அந்தக் குழுவின் கிற்றார் கலைஞர் ஜிம்மி பேஜ் பிடித்திருந்தது 1959ஆம் ஆண்டு டெலிகாஸ்ரர் கிற்றார். நண்பர் ஜெஃப் பெக் கொடுத்தது. அதைச் சின்னதொரு சூப்ரோ அம்ப்பில் இணைத்து வாசித்தார். அக்கூஸ்ரிக் பாட்டுகளுக்கு எடுத்த கிப்சன் கிற்றாரோ இரவல்; இன்னொரு கிற்றார் கலைஞரான பிக் ஜிம் சலிவனுடையது. மொத்தம் 36 மணி நேரத்தில் தட்டு முடிந்ததென்று பேஜே சொல்லியிருக்கிறார். மூன்று வருடம் கழித்து வந்த 'ஸ்டெயர்வே டு ஹெவன்' பாட்டின் தனி வாசிப்பும் அதே டெலிகாஸ்ரர்தான்.

அவ்வளவு பெரிய சத்தம் எப்படி வந்தது? சின்ன அம்ப்பை முழுதாகத் திறந்தால் வால்வுகள் தாங்காமல் ஒலி உடையும். உனக்குப் பிடித்த கரகரப்பு அந்த உடைவு. பெரிய அம்ப்பை வீட்டில் அந்த எல்லைவரை திறக்கவே முடியாது. அடுத்தது மைக். ஒன்றைக் கிட்ட வைத்து, இன்னொன்றைப் பல அடி தள்ளி வைத்தார் பேஜ். தள்ளி நின்ற மைக்கில் அறையும் சேர்ந்து பதிந்தது. உங்கள் கொட்டாஞ்சேனை வீட்டு மாடிப்படி வெறும் சீமெந்து. ஒலி நன்றாகத் திரும்பும். மைக்கை அங்கே வைத்துப் பார். ஒவ்வொரு படியாக நகர்த்திக் கேள். இரண்டு நாள் போனாலும் பரவாயில்லை.

நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' பாட்டை இன்றைக்கும் நம் கலியாண வீடுகளில் பாடுகிறோம். அதில் வாசித்த கிற்றார் என்ன மார்க் என்று ஒருவரும் கேட்டதில்லை.

உன் பழைய கிற்றாரை நான் பார்த்தேன். கழுத்து நேராகத்தான் இருக்கிறது. கம்பிகள்தான் துருப்பிடித்துவிட்டன. இந்த உப்புக்காற்றில் வாசித்து முடித்ததும் துணியால் துடைக்காவிட்டால் எந்தக் கம்பியும் நிலைக்காது. புதுக் கம்பி நான் வாங்கித் தருகிறேன். என்னுடைய சின்ன வால்வ் அம்ப்பையும் எடுத்துக்கொண்டு போ.

காப்பை அம்மாவிடமே கொடுத்துவிட்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் கிற்றாரோடு வா.

அன்புடன்,
மாமா