லைக் வேறு, விற்பனை வேறு

கேள்வி: சமூக ஊடக விளம்பரத்தால் வியாபாரம் உண்மையில் வளருமா?

பதில்: வளரும் என்பதற்குப் பெரும்பாலும் லைக் கணக்கைத்தான் காட்டுகிறார்கள், அதைச் சான்றாக ஏற்க மாட்டேன். 2010-இல் பெப்சி, 23 ஆண்டுகளாகக் கொடுத்துவந்த சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டி) தொலைக்காட்சி விளம்பரத்தைக் கைவிட்டு, இணைய வாக்கெடுப்பில் நற்பணிகளுக்கு நிதி வழங்கும் திட்டத்தில் இறங்கியது. வாக்குகள் கோடிக்கணக்கில் குவிந்தன. விற்பனையிலோ அமெரிக்காவில் டயட் கோக்குக்கும் பின்னால் மூன்றாமிடத்துக்கு இறங்கியது. சர்க்கரை பானங்களுக்கே அப்போது மவுசு குறைந்திருந்தது என்பார்கள். உண்மைதான்; ஆனால் அதே சந்தையில்தான் கோகோ கோலா முதலிடத்தைத் தக்கவைத்தது. 2017-இல் நுகர்பொருள் நிறுவனமான புராக்டர் அண்ட் கேம்பிள் ஒரே காலாண்டில் 10 கோடி டாலருக்கு மேல் டிஜிட்டல் விளம்பரத்தைக் குறைத்தும் அதன் விற்பனை வளர்ச்சி குன்றவில்லை.

சிறு கடைக்குச் சமூக ஊடக விளம்பரத்தைவிட மலிவான வழி ஏது என்று கேட்கலாம். மலிவு என்பதற்காகப் பலன் வந்துவிடாது. ஒரு மாதம் விளம்பரத்தை நிறுத்தி, கல்லாவைப் பாருங்கள். குறையவில்லையென்றால் அந்தப் பணத்தைச் சரக்கில் போடுங்கள்.