கரிசல் தூசியும் வெள்ளை வேனும்

சொந்தமாக வேன் வைத்து ஓட்டுகிறவன் நான். வார நாட்களில் காலையும் மாலையும் பட்டாசு ஆலை ஆட்களை ஏற்றி இறக்குவது. சனி, ஞாயிறு, அமாவாசை என்றால் கோயில் டிரிப். தாயில்பட்டி, வெற்றிலையூரணிப் பக்கத்து மண்பாதையில் போய்வந்த வண்டி மறுநாளே திருச்செந்தூர்க் கடற்கரையில் நிற்கும். அதனால் வண்டி மேல் என்னென்ன படியும், எதை எப்படி எடுக்கலாம், எதைக் கொண்டு தொடவே கூடாது என்பதெல்லாம் தொழிலோடு சேர்ந்து வந்தது. வண்டி வெள்ளை நிறம் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

முதலில் தூசி. எங்கள் பக்கம் கரிசல் மண். மழை பெய்தால் டயரோடு அப்பிக்கொண்டு வரும். காய்ந்தால் பொடிந்து, ஆடிக் காற்றில் கண்ணாடி இடுக்கெல்லாம் நுழையும். பார்க்க முகப்பவுடர் மாதிரி இருந்தாலும் விரலிடையில் தேய்த்தால் நறநறவென்று அரைபடும். நுண்மணலும் சுண்ணாம்புக்கல் பொடியும் அதில் கலந்திருக்கின்றன. வேன் ஸ்டாண்டில் விடிகாலையில் போய்ப் பாருங்கள். கிளீனர் பையன்கள் மஞ்சள் துணியை உதறிவிட்டு வறட்டுத் துடைப்பு துடைத்துக்கொண்டிருப்பார்கள். பத்து நிமிடத்தில் வண்டி பளிச்சென்றாகிவிடும். அதே வண்டியை வெயில் ஏறியதும் பக்கவாட்டில் நின்று பார்த்தால் பெயிண்ட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். வண்டியை அழுக்கு கெடுப்பதைவிட இந்த அவசரத் துடைப்பு அதிகம் கெடுக்கிறது என்பது என் தீர்மானமான எண்ணம். தண்ணீர் விட்டுத் தூசியை ஊறவைத்து, அது தானாக வழிந்து ஓடிய பிறகுதான் துணி படவேண்டும். தண்ணீர் தட்டுப்பாடான நாளில் முன்கண்ணாடி, பக்கக் கண்ணாடிகள், விளக்குகள், நம்பர் பிளேட் இவற்றை மட்டும் நனைத்து எடுத்துவிட்டு மீதியை அழுக்காகவே விட்டுவிடுவேன். அழுக்கு வண்டியும் ஓடும்.

துணியிலும் விஷயம் இருக்கிறது. மெக்கானிக் கடைகளில் கிடைக்கும் பனியன் வேஸ்ட்டில் தடித்த தையலும் சில சமயம் பட்டனும் இருக்கும்; கிரீஸ் துடைக்க அது போதும், பெயிண்டுக்கு ஆகாது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். கையில் எடுத்தால் எடையே தெரியாத அந்தப் பருத்தித் துணியை நாலைந்து மடிப்பாகச் சேர்த்துத் தைத்துக்கொண்டால் கழுவுவதற்கு அதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. மேல்பாதிக்கு ஒன்று, கீழ்பாதிக்கு ஒன்று. கீழே பட்ட துணி மேலே ஏறக்கூடாது.

அடுத்தது ஆலை வேனுக்கே உரிய அழுக்கு. மாலை டிரிப் முடிந்து பார்த்தால் கதவுக் கைப்பிடியிலும், ஏறும்போது பிடிக்கிற கம்பியிலும், ஜன்னலுக்குக் கீழே தகட்டிலும் வெள்ளி நிறத்தில் விரல் தடங்கள் இருக்கும். அலுமினியப் பவுடர். கையை எவ்வளவு கழுவிவிட்டு வந்தாலும் சேலை மடிப்பில், நகக்கண்ணில் மிச்சம் இருக்கத்தான் செய்யும். ஒருநாள் நான் துணியும் கையுமாக நிற்பதைப் பார்த்து, பட்டாசு மருந்து செலுத்துகிற அறையில் வெகுகாலம் வேலை பார்த்த அக்கா ஒருவர் இறங்கிக்கொண்டே சொன்னார்: "தம்பி, அதை வறட்டுத் துணியால தட்டாத. பறந்து ஒன் மூஞ்சிக்குத்தான் வரும். நனைச்சு ஒத்தி எடு. எடுத்த துணியச் சுருட்டி டப்பாவுக்குள்ள அடைக்காத."

கடைசி வாக்கியம்தான் முக்கியம். நுண்ணிய அலுமினியம் வெடியுப்பு போன்ற நைட்ரேட்டோடு கலந்து ஈரப்பட்டால் உள்ளுக்குள் வினை நடந்து சூடேறும். அதைத் தணிக்கத்தான் சில கலவைகளில் போரிக் அமிலம் சேர்க்கிறார்கள். மழை பெய்த மறுநாள் ஆலைகளில் ஒரு கூடுதல் பயம் இருப்பதற்கும் காரணம் இதுவே. வேன் தகட்டில் ஒட்டியிருப்பது சிட்டிகை அளவு, அதனால் வண்டி வெடித்துவிடாது. ஆனால் அந்தத் துணியை ஈரத்தோடு டூல்பாக்ஸில், டீசல் துணிக்கும் தீப்பெட்டிக்கும் பக்கத்தில் திணித்து வைப்பது வேண்டாத வேலை. நிறையத் தண்ணீரில் அலசி, பிழிந்து, வெட்டவெளியில் விரித்துக் காயப்போட்டுவிடுவேன். வெறும் தண்ணீருக்கு இந்தப் பவுடர் அடங்காது; தயாரிக்கும்போதே கொழுப்புப் பூச்சு ஏறியிருப்பதால் பல நேரம் தண்ணீர் மேலேயே மிதக்கும். கொஞ்சம் ஷாம்பு கலந்தால் பிடிவாதம் விடும். துணி சோப்புத்தூள் வேண்டாம், அது பெயிண்டின் மினுமினுப்பையும் சேர்த்து உரித்துவிடும். பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் தலைமுடி ஷாம்பு பாக்கெட் இரண்டு போதும். இந்த வேலை முடியும்வரை மூக்கைச் சுற்றி ஒரு துண்டு கட்டிக்கொள்ள வேண்டும்; பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது.

தண்ணீரைப் பற்றி எங்கள் பக்கத்துக்காரனிடம் கேட்டால் ராத்திரி முழுக்கப் பேசுவான். தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர் குடிக்க வருவது. அதை வண்டிக்கு ஊற்ற மனசு வராது, ஊற்றவும் கூடாது. மிச்சம் இருப்பது போர்த் தண்ணீர். வெயிலில் காயவிட்டால் கண்ணாடியிலும் பெயிண்டிலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பொட்டு விழும். அதனால் கழுவுவது சூரியன் ஏறுவதற்கு முன், அல்லது சாயங்காலம் தகடு ஆறிய பிறகு. ஒரு பக்கம் கழுவினால் அந்தப் பக்கத்தை உடனே ஒற்றித் துடைத்துவிட்டுத்தான் அடுத்த பக்கம். சித்திரை வெயிலில் நின்ற வண்டியின் முன்கண்ணாடியில் ஏற்கெனவே கல் பட்ட தழும்பு இருந்தால், அதன்மேல் சட்டென்று குளிர்ந்த தண்ணீர் அடிப்பது விரிசலை நாமே இழுத்துவிடுவது. பழைய உப்புப் பொட்டுக்கு எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் நீர்க்கக் கரைத்து, ஈரத்துணியில் தொட்டு ஒற்றி, உடனே அலசிவிடலாம். கழிப்பறை ஆசிட்டைக் கொண்டு கண்ணாடிக் கறை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ரிம், குரோம் பட்டை, கண்ணாடி ஓரத்து அலுமினியம் எல்லாவற்றையும் அது அரித்துவிடும். அதே வாளியில் பிளீச்சிங் பவுடர் மிச்சம் இருந்தால் கிளம்புவது குளோரின் வாயு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

தண்ணீர் பஞ்சத்தில் வண்டியைக் கண்மாய்க்குள் இறக்கிக் கழுவுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். ஆயிலும் சோப்பும் ஆடுமாடு குடிக்கிற தண்ணீரில் கலக்கும் என்பது ஒன்று. கரம்பை மண் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்பது மேலிருந்து தெரியாது என்பது இன்னொன்று.

உயிருக்கு ஆபத்து வருவது கூரையைக் கழுவும்போது. டயர் மேல் ஒரு கால், ஜன்னல் கம்பியில் ஒரு கால் என்று ஏறி, சோப்புத் தண்ணீர் வழிகிற கேரியரில் வெறுங்காலோடு நடப்பது இங்கே சாதாரணக் காட்சி. முடிந்தவரை தரையில் நின்றே நீளக் கம்பு பிரஷால் தேயுங்கள். ஏணி வைத்தே ஆகவேண்டும் என்றால் சமதரையில், மூன்று மீட்டர் உயரத்துக்கு அடிப்பக்கம் முக்கால் மீட்டர் தள்ளி வைத்து, கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்க வேண்டும். ஏறுவதற்கு முன் தலைக்கு மேலே பாருங்கள். எங்கள் தெருக்களில் வீட்டு சர்வீஸ் ஒயர் தொய்ந்து, கேரியருக்குக் கை எட்டுகிற உயரத்தில் கிடக்கும். நனைந்த ஆள், நனைந்த இரும்பு, கையில் தண்ணீர்க் குழாய். இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் வைத்து அடிப்பவர்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஈரத்தரையில் போடாமல், வீட்டு இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வாட்டர் சர்வீஸ் கடையில் விடுவதென்றால் பக்கத்தில் நின்று பாருங்கள். கன்னைத் தகட்டுக்கு ஒரு முழம் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஜன்னல் ரப்பர் பீடிங், கூரை ஏ.சி.யின் ஓரம், ஸ்டிக்கர் விளிம்பு இவற்றில் நேராக அடித்தால் தண்ணீர் உள்ளே போய், ஐப்பசி மழையில் பயணி தலையில் சொட்டும். கழுவி முடித்ததும் பளபளப்புக்காக டீசல் துணியால் ஒரு துடைப்பு துடைப்பார்கள். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரப்பர் ஊதிப்போகும், மறுநாள் தூசி முழுக்க அதில் ஒட்டும். பட்டாசு ஆலைக்குப் போகிற வண்டிக்கு எண்ணெய்ப் பூச்சு எதற்கு?

பண்டிகைக் கறைகளுக்குத் தனிக்கணக்கு. ஆயுத பூஜைக்கு முன்பக்கம் கட்டுகிற வாழைக்கன்றின் பால் வேட்டியில் பட்டால் என்ன ஆகுமோ அதேதான் பெயிண்டிலும். வெட்டுவாயில் பிளாஸ்டிக் பை சுற்றிக் கட்டி, பூஜை முடிந்த அன்றே அவிழ்த்து அலசிவிட வேண்டும். காய்ந்து பழுப்பேறினால் பாலிஷ் போட்டாலும் நிழல் தெரியும். மஞ்சள் கறையைத் தேய்த்துத் தோலை உரிக்க வேண்டாம். சோப்பு போட்டுக் கழுவி வெயிலில் நிறுத்துங்கள், வெயிலே மெல்ல வெளுத்துவிடும். குங்குமம் அப்படியில்லை. சாயம் கலந்த மலிவுக் குங்குமம் வெள்ளை பெயிண்டில் ரோஸ் நிறமாக இறங்கிவிடும். சபரிமலை சீசன் முழுக்க நான் பொட்டு வைக்கும் இடத்தில் முதலில் மெழுகு பாலிஷ் தடவிவிடுவேன். சாமிகளுக்கும் குறை இல்லை, எனக்கும் இல்லை.

பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம், தனுஷ்கோடி போய்வந்தால் பெயிண்டைவிட அடிப்பாகத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். உப்புக்காற்றின் ஈரம் சேஸிஸ் மடிப்புகளில் தங்கும். அதை உவர்ப்பான போர்த் தண்ணீரால் அலசிப் பயனில்லை, நல்ல தண்ணீர் டேங்கர் காசு கொடுத்தாலும் தகும். நான்குவழிச் சாலை இரவுப் பயணத்தில் முன்பக்கம் அப்பிய பூச்சிகளின் மேல் ஈரத்துணியைப் போர்த்திக் கொஞ்ச நேரம் விட்டால் தானாக வழுகும். தாருக்குத் தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்து, இளகியதும் எடுத்து, சோப்பு போட்டு எண்ணெயையும் கழுவிவிட வேண்டும்.

கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவைத் தொடங்கியதிலிருந்து, படுக்கையும் அடுப்பும் வைத்த வண்டி கட்டலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. கழுவுகிற முறை இதேதான். இரண்டை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். பல கேரவன்களின் ஜன்னல் அக்ரிலிக். கண்ணாடி துடைக்கிற ஸ்பிரிட், அம்மோனியா திரவங்கள் பட்டால் உள்ளே நரம்பு நரம்பாக விரிசல் ஓடும். பிரிட்ஜுக்கும் கேஸுக்கும் பக்கவாட்டில் காற்றுத்துளை இருக்கும். அதில் தண்ணீர் அடிக்கவும் கூடாது, தண்ணீர் போகக்கூடாதென்று டேப் ஒட்டிவிட்டு எடுக்க மறக்கவும் கூடாது.

கழுவிய கையோடு ஆட்களை ஏற்றப் போகாதீர்கள். டிரம் பிரேக்கில் தண்ணீர் இறங்கியிருந்தால் மிதித்த இடத்தில் வண்டி நிற்காது. வெறும் வண்டியை மெதுவாக ஓட்டி, பிரேக்கை லேசாக மிதித்து மிதித்து விட்டால் அந்தச் சூட்டிலேயே காய்ந்துவிடும். ராத்திரி கழுவி ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் சில சமயம் காலையில் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொண்டு சக்கரம் உருளாது. அன்றைக்குக் கட்டை கொடுத்து, கியரில் நிறுத்திவிட்டுப் படுக்கலாம்.